மீனவர், இரண்டாம் நிலை

தெருவில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். தையல்கடை வாசலில் நின்று, "சந்தேகம் இருக்காங்களா?" என்று யாராவது குரல் கொடுத்தால், உள்ளேயிருந்து அவளே, "இருக்கேன், வாங்க" என்பாள். அளவெடுத்த உடம்பை இன்னொரு தரம் அளப்பாள். சாயம் போகாது என்று கடைக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன துணியையும் ஓரத்தில் நனைத்துப் பார்ப்பாள். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவளிடம் துணி கொடுத்துத் தைத்துக்கொண்டவர்கள் சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்டவள் கட்டின புருஷன் விஷயத்தில் மட்டும் இரண்டு வருஷம் எதையுமே சந்தேகப்படாமல் இருந்தாள். தீவு அனுபவ வாரியத்தில் களப்பணி கிடைத்திருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்ப வரவில்லை. பணம் மாதம் தவறாமல் வந்தது. எப்போதாவது ஒரு போன் வந்தது. "இப்ப சீசன், லீவு தரமாட்டாங்க" என்பான். வெயிலில் கேட்டாலும் சீசன், மழையில் கேட்டாலும் சீசன். மகளுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தபோதும் சீசன்தான்.

போன மாதம் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "சீக்கிரம் வாங்க, குடிசைக்கு நேரமாச்சு!" என்றது அந்தக் குரல். சட்டென்று போன் கட்டாகிவிட்டது. இரண்டு வருஷத்துச் சந்தேகமும் வட்டியோடு அந்த நிமிஷமே அவள் தலையில் வந்து இறங்கியது.

வாரியத்துக்கு எழுதிப் போட்டாள். ஊழியரின் குடும்பத்தினருக்குத் தீவில் கால் வைக்க அனுமதியில்லை என்று, எழுதியதைப் படித்த அடையாளமே இல்லாமல், அச்சடித்த பதில் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி உண்டு, வருக வருக என்று அதே கடிதத்தின் அடியில் விளம்பரம் போட்டிருந்தது. அவள் ஒரு நாள் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கினாள். மகளைத் தங்கையிடம் விட்டாள். "சாயங்காலப் படகுல அவரு என்கூட வரணும். வரலைன்னா இனிமே வரவே வேண்டாம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

படகில் எல்லோர் தலையிலும் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வருஷம் முழுக்க இருமலையும் வயிற்றுப்போக்கையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்க் கிளம்பியவர். அன்றைக்கு எதைக் காட்டினாலும் சந்தோஷப்படுவது என்று முடிவெடுத்துக்கொண்டு வந்திருந்தார். படகுக்காரர் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபோதே கை தட்டினார்.

கரையில் வழிகாட்டி விசிலும் கையுமாக நின்றான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பல்லும் அதே வெள்ளை. பஸ்ஸில் ஏறியதும் ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னான்.

"அன்பார்ந்த விருந்தினர்களே! ஒரு குட்டை விசில் அடிச்சா, பாக்கணும். ஒரு நெட்டை விசில் அடிச்சா, வியக்கணும். விசில் இல்லாம யாரும் வியக்க வேண்டாம். போன வாரம் ஒருத்தர் அவசரப்பட்டு ஒரு தண்ணித் தொட்டியைப் பாத்து வியந்துட்டாரு. அப்புறம் அருவிக்கு வந்தப்போ அவருகிட்ட மிச்சமே இல்ல."

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரி சிரிக்கவில்லை. பஸ்ஸின் வலப்பக்க ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் ஏன் தம்பி மூடியிருக்கு?"

"வலப்பக்கம் திரும்பி வரும்போது வரும்மா. ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பாத்தா விருந்தினருக்குக் களைப்பு வந்துடும்னு வாரியம் ஆராய்ச்சி பண்ணியிருக்கு."

அவள் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். துணி காயப்போட்ட ஒரு மொட்டை மாடி தெரிந்தது. சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் ஒரு கொட்டகை தெரிந்தது. வழிகாட்டி ஓடிவந்து திரையைச் சரிசெய்து ஊக்கு குத்தினான். ஊக்கைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நிலையிலும் உறுத்தியது.

பஸ் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போய்க் கடற்கரையில் நின்றது. தென்னைமரம் ஒன்று கடலைப் பார்த்துக் குப்புற விழுவதுபோலச் சாய்ந்திருந்தது. அதனடியில் ஒரு குடிசை. குடிசை வாசலில் ஓலைத் தொப்பியும் கோடுபோட்ட துண்டும் கட்டிக்கொண்டு ஒருத்தன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் காதில் பூ செருகிக்கொண்டு ஒரு பெண் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குட்டை விசில் கேட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"கிழக்குக் கடற்கரையின் ஆதி மீனவக் குடும்பம்! தலைமுறை தலைமுறையா இதே இடத்துல, இதே மாதிரி உக்காந்திருக்காங்க. வெளியுலகமே தெரியாது. நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது. பேசறது தீவு மொழி மட்டும்தான்."

வெளியுலகம் தெரியாத அந்த மீனவன் வலது காலை மடித்து இடது தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான் உட்காருவான், கல்யாண மேடையிலும் அப்படித்தான் உட்கார்ந்து ஐயரிடம் திட்டு வாங்கினான். தையல்காரி மஞ்சள் தொப்பியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷம் சீசனில் இருந்த களப்பணி அலுவலர் அங்கே துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

அவனும் தலையைத் தூக்கினான். பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை வலையைப் பின்னிக்கொண்டே இருந்தது. பின்னுவதாவது! ஒரே கண்ணியில் ஊசியை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

"மீனவரிடம் விருந்தினர்கள் கேள்வி கேக்கலாம். ஆளுக்கு ஒண்ணு. நான் மொழிபெயர்ப்பேன்" என்றான் வழிகாட்டி.

எல்லோரையும் முந்திக்கொண்டு தையல்காரி முன்னால் வந்தாள். "இவரு கடைசியா வீட்டுக்கு எப்பப் போனாருன்னு கேளுங்க."

வழிகாட்டி மீனவன் பக்கம் திரும்பி, "லும்பா சிக்கி மோரோ?" என்றான்.

மீனவன் எச்சிலை விழுங்கினான். "மோரோ... மோரோ லும்பா" என்றான்.

"கடல்தான் என் வீடு, அலைதான் என் கூரைன்னு சொல்றாரு!" என்று வழிகாட்டி நெட்டை விசில் அடித்தான். எல்லோரும் வியந்தார்கள்.

"அப்படியா? அந்தக் கூரைக்குக் கீழ இருக்காளே ஒரு பொண்ணு, அது யாருன்னு கேளுங்க."

"ஆளுக்கு ஒரு கேள்விதாம்மா."

"என் கேள்வியை இந்தம்மாவே கேக்கட்டும்" என்றார் மருந்துக்கடைக்காரர் தாராளமாக. "எனக்குக் கேள்வியே இல்ல. எனக்கு எல்லாமே புடிச்சிருக்கு."

வழிகாட்டி வேறு வழியில்லாமல் கேட்டான். "சிக்கி லும்பா?"

"லும்பா" என்றான் மீனவன் தரையைப் பார்த்துக்கொண்டே. பக்கத்துப் பெண் சிரிப்பை மாற்றாமல், உதட்டை அசைக்காமல் ஏதோ முணுமுணுத்தாள்.

"இது என் ஆருயிர் மனைவி, ஏழு பிறவிக்கும் இவளேதான்னு சொல்றாரு."

இந்த முறை விசில் வருவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரர் வியந்துவிட்டார். வழிகாட்டி அவரை முறைத்தான்.

தையல்காரிக்குக் காதில் வண்டு குடைவதுபோல இருந்தது. அவனை எழுப்பி நிறுத்தி, அந்தத் துண்டோடு இழுத்துக்கொண்டு போய்ப் படகில் ஏற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அவளை அந்த இருவருக்கும் நடுவில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துவிட்டார்கள். ஆதி மீனவக் குடும்பத்தோடு ஒரு விருந்தினர் என்று அடியில் எழுதி, மாலையில் சட்டம் போட்டுத் தருவார்களாம். இடப்பக்கம் புருஷன் இன்னும் அதே கண்ணியைக் குத்திக்கொண்டிருந்தான். வலப்பக்கம் அந்தப் பெண், சிரித்த முகம் மாறாமல், "அக்கா, அருவிக்குப் பின்னால வாங்க, சொல்றேன்" என்று காதோடு சொன்னாள். பச்சைத் தமிழ்.

பஸ் மறுபடி கிளம்பியது. இப்போது மேற்குக் கடற்கரைக்குப் போவதாக வழிகாட்டி அறிவித்தான். நெடும்பயணம், விருந்தினர்கள் தூங்கலாம் என்றான். தூங்குவதற்கும் ஒரு விசில் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தையல்காரி மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் அதே குன்றை மறுபக்கமாகச் சுற்றியது. அதே சாய்ந்த தென்னைமரம் மறுபடி வந்தது. குடிசையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

குட்டை விசில் கேட்டது.

"மேற்குக் கடற்கரையின் தேனெடுக்கும் குடி! ஆயிரம் அடி உயரப் பாறையில தொங்கித் தேனெடுக்கிற மாவீரர் இதோ, இப்பத்தான் இறங்கி வர்றாரு!"

மாவீரர் புதரை விலக்கிக்கொண்டு வந்தார். நாய் விரட்டினதுபோல் இரைத்தது அவருக்கு. ஒட்டுத்தாடி ஒரு காதோரம் பிய்ந்து தொங்கியது. அவருக்குப் பின்னால் புதருக்குள் சைக்கிள் ஒன்று சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள் தையல்காரி.

"மலை அணில்" என்றான் வழிகாட்டி.

"அணில் மணி அடிக்குமா?"

"இந்தத் தீவுல அடிக்கும்மா."

மருந்துக்கடைக்காரர் அணிலைப் போட்டோ எடுக்க முடியுமா என்று கேட்டார். மாவீரரின் ஆருயிர் மனைவியாக அதே பெண் இப்போது காதுப் பூவைத் தலைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஆட்கள் என்பது யார் கண்ணுக்கும் படவில்லை. மஞ்சள் தொப்பி போட்டவர்களுக்குக் கண் விசிலில் இருந்தது.

மதியத்துக்கு மேல்தான் அருவி திறக்கும் என்றார்கள். அதற்கென்று ஒரு குழாய்க்காரர் இருந்தார். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து வால்வைத் திருகியதும் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது. எல்லோரும் தலை நிமிர்ந்து வியந்துகொண்டிருந்த நேரத்தில், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தையல்காரி பாறைக்குப் பின்னால் நழுவினாள்.

பின்னால் அருவி இல்லை. தண்ணீர்த் தொட்டியும், தகரக் கொட்டகையும், ஒரு மின்விசிறியும் இருந்தன. மின்விசிறிக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பைக் கழற்றி வைத்திருந்தாள். சிரிப்பு இல்லாத முகத்தில் வயசும் சோர்வும் நன்றாகத் தெரிந்தன.

"அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. நான் நியமன மனைவி."

"என்ன மனைவி?"

"நியமன மனைவி. வாரியத்துல போஸ்டிங். போன மாசம் வரைக்கும் எரிமலைக்காரருக்குப் பொண்டாட்டியா இருந்தேன். எரிமலைல புகை மிஷின் ரிப்பேர், அந்தப் போஸ்டை ஒழிச்சுட்டாங்க. அதான் இங்க மாத்திட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணி அடிச்சா நான் லேடீஸ் குவார்ட்டர்ஸ். வாசல்ல வாட்ச்மேன். உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுஷன்க்கா, இதுவரைக்கும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. பேசறதுக்கு அந்த பாஷைல வார்த்தையும் இல்ல."

தையல்காரிக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. வேறொருத்தி இருந்திருந்தால் சண்டை போடலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டலாம். ஒருத்தியும் இல்லாமலே ஒருத்தன் இரண்டு வருஷம் வீட்டுக்கு வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அப்போது புருஷன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அடுத்த இடத்தில் அவன் முத்துக் குளிப்பவன். அதற்கான கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டிருந்தான். நியமன மனைவி நாகரிகம் தெரிந்தவள். "நான் வெளிய காவல் பாக்கறேன்" என்று எழுந்து போனாள்.

"இங்கெல்லாம் வரக்கூடாது நீ. யாராவது பாத்தா என் வேலை போயிடும்" என்றான். இரண்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"களப்பணி அலுவலர்னீங்க."

"இதுவும் களம்தானே? இயல்பு வாழ்க்கைப் பிரிவு. மீனவர், இரண்டாம் நிலை. ஆள் பத்தாததால தேன், முத்து ரெண்டையும் கூடுதல் பொறுப்பாப் பாக்கறேன்."

"கல்யாணம் ஆனவர்னு ஏன் சொல்லல?"

"சொன்னா எடுக்கமாட்டாங்க. முன்னாடி நிஜக் குடும்பங்களை வெச்சுப் பாத்தாங்களாம். விருந்தினர்களுக்குப் புடிக்கலையாம். புருஷன் பொண்டாட்டி மூஞ்சில களை இல்லன்னு புகார் வந்துச்சாம்."

"சரி. போனது போகட்டும். துண்டை அவுத்துட்டுச் சட்டையை மாட்டுங்க. சாயங்காலப் படகுல என்கூட வர்றீங்க."

அவன் காதோரத்தைச் சொறிந்தான். "அடுத்த மாசம் ஊர்ப் பெரியவர் போஸ்ட் காலியாகுது. அவரு ரிட்டயர் ஆறாரு. நாற்காலில உக்காந்தே பாக்கற வேலை. சைக்கிள் மிதிக்க வேண்டாம். ஆசீர்வாதம் மட்டும் பண்ணணும். எனக்குத்தான் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பப் போய் விட்டுட்டு வான்னா?"

"பாப்பா உங்க மொகத்தையே மறந்துட்டா. போட்டோவைப் பாத்து யாரோ மாமான்றா."

இதைக் கேட்டு அவன் முகம் கொஞ்சம் கோணியது உண்மை. கண்ணும் கலங்கியது. அவளுக்கு மனம் இளகிவிட்டது. இதோ வந்துவிடுவான், சைக்கிளைப் போட்டுவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தாள். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு. அடுத்த சீசன்ல பாப்பாவையும் கூட்டிக்கிட்டு டூர்ல வா. நான் அப்போ பெரியவரா இருப்பேன். குழந்தைங்களைப் பெரியவர் மடில உக்கார வெச்சுப் போட்டோ எடுத்துக்கலாம், அதுக்கு அனுமதி உண்டு. முன்வரிசைல நின்னீங்கன்னா நானே கூப்புடறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே நெட்டை விசில் கேட்டது. அவன் பழக்க தோஷத்தில் சட்டென்று சிரித்துக்கொண்டு, கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு காட்டிய முத்தையும் ஆமையையும் அவள் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் அவள் பங்கையும் சேர்த்து வியந்தார்.

மாலையில் படகுத்துறை மண்டபத்தில் நிறைவு விழா நடந்தது. தீவுவாசிகள் அனைவரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். அனைவரும் என்றால் ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். வாரியத்தின் துணை இயக்குநர் வந்தார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்திலும் வியர்க்காமல் இருந்தார். வியர்ப்பதற்கும் ஆள் வைத்திருப்பாரோ என்று தையல்காரிக்குத் தோன்றியது.

"பெரியோர்களே! எங்க வாரியம் இந்தத் தீவைக் கைல எடுத்தப்போ இங்க என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. சும்மா ஜனங்க வாழ்ந்துக்கிட்டிருந்தாங்க. காலைல எழுந்தா சண்டை, அழுகை, சளி, இருமல். இதைப் பாக்கறதுக்கா நீங்க படகேறி வரணும்? அவங்களை எல்லாம் பக்குவமா அக்கரைக்கு அனுப்பினோம். அதுக்கப்புறம்தான் இங்க இயல்பு வாழ்க்கை ஆரம்பமாச்சு!"

நெட்டை விசில். கைதட்டல்.

"மொழியும் அப்படித்தான். பழைய மொழில கெட்ட வார்த்தை ஜாஸ்தி. நாங்க கமிட்டி போட்டு புதுசா ஒண்ணு உருவாக்கினோம். அதுல பசி கிடையாது. களைப்பு கிடையாது. முக்கியமா, 'இல்லை'ங்கற வார்த்தையே கிடையாது! உலகத்துலயே இல்லைன்னு சொல்லத் தெரியாத ஒரே ஜனம் எங்க ஜனம்தான்!"

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். அவர் உட்கார்ந்தபோது பக்கத்தில் தையல்காரி எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, அந்த ஓரத்துல கண்ணாடியோட நிக்கறாரே, அவரு என் வீட்டுக்காரரு. நான் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

 மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் நாடகமும் உண்டு என்று விருந்தினர்கள் நினைத்துக்கொண்டார்கள். துணை இயக்குநர் கையமர்த்தினார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் சுருங்கியது.

"அம்மா, வாய்ப்பே இல்ல. அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்காங்க. முறையா நேர்காணல் வெச்சு, தகுதி பாத்து எடுத்தோம். நீங்க எந்த அடிப்படைல மனைவின்னு சொல்றீங்க?"

"கட்டிக்கிட்டேன். பிள்ளை பெத்தேன். வேற என்ன அடிப்படை வேணும்?"

"இதுக்குத்தான் நேர்காணல் வேணும்கறது" என்று துணை இயக்குநர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "பரவாயில்ல. எங்க வாரியத்துல ஒளிவு மறைவு கிடையாது. விருந்தினர்கள் முன்னாடியே விசாரிச்சுடுவோம். மீனவரே, முன்னாடி வாங்க. விருந்தினர் பேசினது உங்களுக்குப் புரியாது. இவங்க உங்க மனைவியான்னு வழிகாட்டி கேப்பாரு."

அவன் முன்னால் வந்தான். வழிகாட்டி கேட்டான். "சிக்கி லும்பா மோரோ?"

தையல்காரி அவன் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் வேலை போகும், புருஷன் கிடைப்பான்.  எத்தனை ஆத்திரம் இருந்தாலும், ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்லிவிடு, எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

"லும்பா" என்றான் அவன்.

வழிகாட்டி திகைத்தான். "சார், ஆமாம்னு சொல்றாரு."

அவன் பதறிப்போய்க் கையை ஆட்டினான். "மோரோ! மோரோ லும்பா!"

"ரொம்ப ஆமாம்னு சொல்றாரு சார்."

"சிக்கி! சிக்கி சிக்கி!"

"ஆனந்தமா ஆமாம்ங்கறாரு."

தீவு மொழியில் இருந்த மொத்த வார்த்தைகளையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்து வீசினான். எல்லாமே ஆமாம் என்றுதான் போய் விழுந்தன. விருந்தினர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் கை தட்டினார்கள். அவன் நெற்றியில் வியர்வை ஆறாய் ஓடியது. துணை இயக்குநர் தன் பேனாவைத் திறந்தார். ஊர்ப் பெரியவரின் நாற்காலி கண்ணெதிரே பறந்துபோவதைக் கண்டதும் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"இல்லைங்க சார்!" என்று கத்தினான். "சத்தியமா இல்லைங்க! இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல!"

தெள்ளத் தெளிவான உச்சரிப்பு. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"நம்ம பாஷை பேசறாரே!" என்று மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் விசில் சொல்லாமல், உண்மையாகவே வியந்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வழிகாட்டி எந்த விசிலை அடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தான்.

துணை இயக்குநர் கலங்கவில்லை. அங்கேயே, நின்ற நிலையிலேயே தீர்ப்புச் சொன்னார்.

"விசாரணை முடிஞ்சது. ஊழியருக்கு மனைவியும் இல்ல, பிள்ளையும் இல்லங்கறது அவர் வாயாலேயே நிரூபணமாயிடுச்சு. அந்தக் குற்றச்சாட்டுலேர்ந்து அவரை வாரியம் கௌரவமா விடுவிக்குது. ஆனா விருந்தினர் முன்னாடி புரியற பாஷைல பேசினதுக்காக இந்த நிமிஷமே பணி நீக்கம் செய்யுது. அடுத்த படகுலயே அவர் தீவை விட்டுப் போகணும்."

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. படகில் பயணிகளுக்கு மட்டும்தான் இடம். ஆதலால் அவன் தலையிலும் ஒரு மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்துப் பயணியாக்கினார்கள். சுற்றுலா எப்படி இருந்தது என்று வழிகாட்டி கேட்டான். மிகச் சிறப்பு என்று சொன்ன பிறகுதான் ஏறவிட்டார்கள்.

படகு நகர்ந்தது. தையல்காரி ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வலது காலை மடித்துச் செருகிக்கொண்டான். பேச ஆரம்பித்தான். அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும், வாய் தவறி வந்துவிட்டது, மனசால் சொல்லவில்லை, எல்லாம் நம் குடும்பத்துக்காகத்தானே, பாப்பாவுக்காகத்தானே, ஊருக்குப் போனதும் புதுசாக ஆரம்பிக்கலாம், கடையில் பித்தான் வேண்டுமானாலும் தைக்கிறேன் என்றான். இரண்டு வருஷம் வாயில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியது. இடையிடையே அவள் கையைத் தொடப் பார்த்தான். அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து அவள் அழவில்லை. இப்போதும் அழ வரவில்லை.  அவன் சொல்வதில் எது பொய், எது நிஜம் என்று வழக்கம்போல் துருவிப் பார்க்க முயன்றாள். துருவ ஒன்றும் மிச்சமில்லை. எதைச் சந்தேகப்பட்டுப் படகேறினாளோ அது பொய்யாகிவிட்டது. எதைச் சந்தேகப்படவே அவளுக்குத் தோன்றவில்லையோ அதை அவனே ஊர் கேட்க, மேடையில் நின்று, சத்தியம் செய்து சொல்லிவிட்டான்.

எதிர்ப் பெஞ்சிலிருந்த மருந்துக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனசு கேட்காமல் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நெசமாவே இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

புருஷன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான்.

தையல்காரி அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு தரம் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "யாரோ தீவுக்காரரு. வேலை போயிடுச்சாம், பாவம்."

சொல்லிவிட்டு எழுந்து, கரை தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.